அன்னையாரின் தகரப்பெட்டி

நம் கல்லூரித் தமிழ்த்துறை வெளியிடும் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் துறைத்தலைவர் அன்புடன் பணித்தபோது, வழக்கம்போல் இலக்கிய ஆய்வு ஒன்றனை எழுதியனுப்பவே எண்ணினோம். பணியிலிருந்த ஆண்டுகளில் இம்மலருக்கு நாம் எழுதியவை யாவும் அத்தகையனவே. ஆயின் இம்முறை எழுதுகோலை எடுத்தபொழுதெல்லாம் நம் இல்லத்துத் தகரப்பெட்டி ஒன்றே கண்முன் நின்றது. அதனைப் பற்றி எழுதாமல் வேறொன்றை எழுதுவது நேர்மையாகாது எனத் தோன்றியது. மாணவச் செல்வங்களும், உடன் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களும், சமுதாயப் பெரியோர்களும் இவ்வீட்டுக் கதையைப் பொறுமையுடன் படித்தருள வேண்டுகிறோம்.

நம் ஊர் மேல்பட்டாம்பாக்கம். விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதையில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையில் அமைந்தது. ஊருக்கு வடக்கே தென்பெண்ணை. கரும்பு வெட்டும் காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நோக்கி வண்டிகள் வரிசையாகச் செல்லும். அவற்றின் பின்னே ஓடிக் கரும்பை உருவாத சிறுவர் அக்காலத்தில் ஊரில் இலர். நம் தந்தையார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார்கள். வந்த மூன்றாம் திங்களில் மீண்டும் கப்பலேறுவார்கள். எனவே வீடு என்பது நமக்கு அன்னையாரே.

அன்னையார் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர்கள். வாசற்படி தாண்டிச் செல்வது அரிது. பகலெல்லாம் அடுப்பும் ஆடும் கோழியும் உறவினர் வருகையுமாகக் கழியும். இரவில் நாங்கள் உறங்கிய பின் அரிக்கேன் விளக்கைச் சிறிது தூண்டிவைத்துக்கொண்டு அவர்கள் படிப்பார்கள். படித்தவை யாவும் துப்பறியும் நாவல்கள். கொலையும் களவும் ஆள்மாறாட்டமும் நிறைந்த கதைகளை அத்துணை அமைதியான ஒருவர் எவ்வாறு விரும்பினார்கள் என்று பிற்காலத்தில் பலர் வியந்ததுண்டு. தனித்து வாழ்ந்த பெண்மணிக்கு, குழப்பமாகத் தொடங்கும் ஒன்று இருநூறு பக்கங்களில் ஒழுங்காக முடிவது ஆறுதல் தந்திருக்கக் கூடும் என்பது நம் கருத்து. தந்தையாரின் கடிதம் எப்போது வரும் என்பதை எவரும் துப்பறிந்து கூறவியலாது. கதையில் கொலையாளி யார் என்பது எப்படியும் கடைசிப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

புத்தகங்களைக் கொண்டுவருவது நம் பணி. நாளொன்றுக்கு இத்தனை காசு என்று வாடகைக்குப் புத்தகம் தரும் கடை ஒன்று அப்போது இருந்தது. படித்ததைத் திருப்பிக் கொடுத்து, புதியதை வாங்கிக்கொண்டு, வரும் வழியில் புகைவண்டி நிலையத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து நாம் முதலில் படித்துவிடுவோம். ஒருநாள் ஆர்வ மிகுதியால், “அம்மா, கொன்றவன் அந்தத் தோட்டக்காரன்தான்” என்று கூறிவிட்டோம். அன்னையார் புத்தகத்தை மூடிவைத்தார்கள். அன்று முழுதும் நம்மோடு பேசவில்லை. மறுநாள் காலை இட்டிலித் தட்டை நீட்டியபடி, “கடைசிப் பக்கத்தை நாம் முதலில் புரட்டக் கூடாது தம்பி. அது தானாக வரவேண்டும்” என்றார்கள். அச்சொல்லின் முழுப்பொருள் நமக்கு விளங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அன்னையாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கதையில் பாதியைக் கடந்ததும், தாம் ஐயுறும் ஆளின் பெயரைப் பென்சிலால் உள்ளட்டையில் எழுதிவைப்பார்கள். படித்து முடித்தபின் அப்பெயருக்குப் பக்கத்தில் ‘சரி’ என்றோ ‘தப்பு’ என்றோ குறிப்பார்கள். தந்தையார் அனுப்பும் பணத்தில் சிறிது மிச்சமான பிறகு வாடகைப் புத்தகம் நின்று, சொந்தமாக வாங்கும் வழக்கம் வந்தது. வாங்கியவை யாவும் ஒரு பச்சைநிறத் தகரப்பெட்டியில் சேர்ந்தன. அவற்றின் பெயர்களை ஒரு நீளக் கணக்கு நோட்டில் வரிசையிட்டு எழுதியும் வந்தார்கள்.

துப்பறியும் கதைக்குத் தமிழில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ 1841-இல் தொடங்கிவைத்த இக்கதை வகை, 1887-இல் கோனன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸால் உலகெங்கும் பரவியது. தமிழில் ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் ‘இராஜாம்பாள்’ நாவலை வெளியிட்டார். அவர்தம் துப்பறியும் கோவிந்தன் அக்காலத்து வீட்டுப் பெயராகவே விளங்கினார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வழியில் எழுதிக் குவித்தனர். வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950-இல் திரைப்படமாகி, எம். என். நம்பியார் அதில் பல வேடங்கள் தாங்கி நடித்தார். பின்னர்க் ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். அவருக்குப் பின், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்ட பொறியாளரான சுஜாதா, கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்களைத் தந்தார்.

எண்பதுகளில் மாத நாவல்கள் பெருகின. மட்டமான தாளும் பளபளக்கும் அட்டையும் கொண்டு, திங்களுக்கொரு முழுக்கதை என்ற கணக்கில் அவை வெளிவந்தன. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பர். கோவை ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் நண்பர் இருவர் ‘சுபா’ என்ற ஒரே பெயரில் எழுதிய நரேந்திரனும் வைஜயந்தியும் நம் வீட்டில் உறவினர்போல் பேசப்பட்டனர். ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவை. அன்னையாரிடம் விவேக் கதை கேட்டால், அடுத்த தெருவில் நடந்ததுபோல் சொல்வார்கள்.

அக்காலத்தில் நாம் சிதம்பரத்தில், 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்றுகொண்டிருந்தோம். மீட்டர்பாதை வண்டியில் நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகச் சந்திப்பு, பரங்கிப்பேட்டை எனக் கடந்து செல்வோம். திரும்பும்போது கையிலுள்ள தொல்காப்பிய உரைநூலுக்குள் ஒரு மாத நாவல் ஒளிந்திருக்கும். அன்னையாருக்கென வாங்கியதுதான் எனினும், வண்டியில் எவரும் காணாவாறு நாமும் அதைப் படித்தோம் என்பதை இப்போதேனும் ஒப்புக்கொள்கிறோம். வகுப்பில் அந்நூல்களைப் பற்றிப் பேசியவர் இலர். நாவல் வரலாற்றில் ‘பொழுதுபோக்கு நாவல்கள்’ என்று ஒரு பத்தி, அவ்வளவே. நாம் ஆசிரியரான பின் நம் மாணவர்க்கும் அந்த ஒரு பத்தியைத்தான் ஒப்பித்தோம். இல்லத்துக்கு அறிஞர் எவரேனும் வந்தால், கூடத்திலிருந்த பெட்டியின்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடிவிடுவோம். அன்னையார் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் கூறியதில்லை.

இவ்விடத்தில் நம்மைப் பற்றிய இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் ந. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு வழங்கினர். இச்செய்திகள் நம்மையும் தூண்டின. கடலூரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணம் வாங்கிய பிரவுசிங் சென்டர் ஒன்றில் விடுமுறை தோறும் அமர்ந்து, இலவசமாக இடம் தந்த ஒரு நிறுவனத்தின் தளத்தில் நமக்கென ஒரு பக்கத்தை அமைத்தோம். நம் ஆய்வுக் கட்டுரைகளே அதில் இருந்தன.

அந்நாளில் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க வேண்டுமாயின், அதற்குரிய எழுத்துருவைப் படிப்பவர் தம் கணினியில் நிறுவியிருத்தல் வேண்டும்; இல்லையேல் பொருளற்ற குறிகளே தெரியும். அத்தொல்லையை நீக்கியவர்களுள் அதிராம்பட்டினத்து உமர்தம்பி குறிப்பிடத்தக்கவர். எழுத்துரு தானாகவே பக்கத்துடன் வந்திறங்கும் வண்ணம் ‘தேனீ’ இயங்கு எழுத்துருவை அவர் உருவாக்கி, விலையின்றி அனைவர்க்கும் அளித்தார். 2006-இல் அவர் மறைந்தார். நம் சமுதாயத்து இளைஞர் அறிந்து போற்றவேண்டிய பெயர் அது. நம் பக்கமும் அத்தகையோர் உழைப்பின் நிழலில்தான் நின்றது. எனினும் 2009-இல் இடம் தந்த நிறுவனம் அச்சேவையை மூடிவிட்டது. படி எடுத்து வைக்காத நம் பக்கம் ஓரிரவில் மறைந்தது. எட்டாண்டு உழைப்பாயிற்றே என்று நாம் வாடியிருந்ததைக் கண்ட அன்னையார், “எழுதியது நினைவிருக்குமல்லவா? மறுபடியும் எழுதலாம்” என்று தேற்றினார்கள். தொலைந்த எழுத்துக்காக அத்துணை வருந்திய நாமே, இரண்டாண்டு கழித்துச் செய்த செயலை இனிக் கூறுகிறோம்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்ததை இவ்வட்டாரத்தார் மறவார். நம் வீட்டின் பின்கட்டு ஓடுகள் பறந்தன. கூடத்தில் மழை இறங்கியது. மின்சாரம் இல்லை. முதியவர்க்கு இங்கு இடர் மிகும் என்று அன்னையாரைச் சிதம்பரத்தில் இருந்த நம் மகள் வீட்டுக்கு அனுப்பினோம். அவர்கள் தம் துணிப்பையில் நாவல்கள் சிலவற்றை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஓடு மாற்றிச் சுவருக்கு வெள்ளையடித்தபோது, கூடத்தில் நம் நூல்களுக்கு ஒரு கண்ணாடி அலமாரி வைக்கவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. அதற்குரிய இடத்தில் இருந்தது தகரப்பெட்டி. திறந்து பார்த்தோம். மேல்வரிசை நூல்கள் சில மட்டும் ஓரத்தில் ஈரம் பட்டிருந்தன. அடியிலிருந்தவை அனைத்தும் உலர்ந்தே இருந்தன. தெருவில் பழைய பேப்பர்க் கடைக்காரரின் குரல் கேட்டது. அழைத்தோம். அவர் தராசை நிறுத்தி எடை போட்டார். முப்பத்தொரு கிலோ. இருநூற்றுப் பதினேழு ரூபாயை எண்ணிக் கொடுத்துச் சென்றார். புயலின்மேல் பழியைப் போடலாம் என்ற எண்ணம், பணத்தைச் சட்டைப்பையில் இடும்போதே நம் உள்ளத்தில் இருந்தது.

ஒரு திங்கள் கழித்து அன்னையார் திரும்பி வந்தார்கள். “எல்லாம் நனைந்து ஊறிவிட்டன அம்மா. குப்பையாகப் போயிற்று” என்றோம். அவர்கள் மெல்லச் சென்று பெட்டியைத் திறந்தார்கள். சற்று நேரம் பார்த்துவிட்டு, “அடியில் விரித்த காகிதம் அப்படியே இருக்கிறதே தம்பி” என்றார்கள். “அது நனைந்துவிட்டது என்று வேறு காகிதம் விரித்தோம்” என உடனே விடையளித்தோம். அவர்கள் மீண்டும் ஒருமுறை உள்ளே பார்த்தார்கள். “சரி” என்று கூறி மூடியை இறக்கினார்கள். அன்றிரவு நாம் விளக்கை எடுத்துச்சென்று பார்த்தபோது, பெட்டியின் அடியிலிருந்த செய்தித்தாளில் 1996-ஆம் ஆண்டுத் தேதி இருந்தது.

அதன்பின் அன்னையார் நான்காண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். கண்பார்வை குறைந்தபோது நம் துணைவியார் நாவல்களைப் படித்துக்காட்டுவார். அப்பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் அவர்கள் வாயிலிருந்து பிறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. 2016-இல் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், மேல்பரணில் அந்த நீளக் கணக்கு நோட்டு கிடைத்தது. நம் மகள் அதைக் கேட்டு வாங்கிச் சென்றாள். சிதம்பரத்துக்கு அன்னையார் எடுத்துச்சென்ற பதினொரு நாவல்களும் அவளிடமே இருந்தன.

2022-ஆம் ஆண்டு மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அத்தா, நன்னி பெயரில் ஓர் இணையதளம் அமைக்கிறேன்” என்றாள். எங்கள் வீட்டில் பாட்டியை ‘நன்னி’ என்றே பிள்ளைகள் அழைப்பர். நோட்டிலுள்ள முந்நூற்று நாற்பத்திரண்டு நாவல்களையும் அட்டவணையாக்கி, நூலின் பெயர், ஆசிரியர், நன்னி ஐயுற்ற ஆள், அது சரியா தப்பா என்பவற்றைக் கொடுப்பது அவள் திட்டம். ஐயுற்ற ஆளின் பெயரை நோட்டிலும் அன்னையார் குறித்து வைத்திருந்தார்கள். நாம் ஞாயிறு தோறும் சிதம்பரம் செல்லலானோம். மீட்டர்பாதை மாறி, 2010 முதல் அகலப்பாதையில் ஓடும் வண்டி அது. கையில் தொல்காப்பியமும் இல்லை. ஒளித்துவைக்க நாவலும் இல்லை.

அந்த ஞாயிறுகள் இனிமையானவை. மகள் சமைத்துக்கொண்டே கணினியைப் பார்ப்பாள். கணினியைப் பார்த்துக்கொண்டே குழம்பைத் தீய விடுவாள். நாம் தட்டச்சு செய்வோம். ஹெச்.டி.எம்.எல். குறிகளை நாம் முன்பே அறிவோம் என்று பெருமையடித்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தொட்டோம். தடித்த எழுத்துக்கான குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தமையால் முந்நூற்று நாற்பத்திரண்டு நாவல்களும் தடித்த எழுத்தில் நின்றன. பேரன் கைகொட்டிச் சிரித்தான். பின்னணிக்குப் பச்சை வேண்டுமென்றான் அவன். நன்னியின் பெட்டி பச்சையாம். எழுத்து இன்னும் பெரிதாக இருக்கட்டும் என்றார் நம் துணைவியார். கொலையாளியின் பெயரை வெளிப்படையாக எழுதிவிட்டால் இனிப் படிப்பவரின் இன்பம் கெடுமே என்ற வழக்கு எழுந்தது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டக் கூடாது என்ற அன்னையாரின் சட்டத்தை நாம் எடுத்துரைத்தோம். தொட்டாலன்றித் தெரியாதபடி பெயரை மறைத்துவைக்கும் வழியை மகள் கண்டாள்.

தமிழாசிரியர் என்ற முறையில் நாம் கண்ட பிழை ஒன்றும் உண்டு. பட்டியலைக் கணினி அகரவரிசையில் அடுக்கியபோது, ‘மறு’ என்று தொடங்கும் நூல் ‘மலர்’ என்று தொடங்குவதற்கு முன்னரும், ‘மழை’ என்பது ‘மவுனம்’ என்பதற்கு முன்னரும் நின்றன. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதன்றோ முறை? தேடிப் பார்த்ததில் காரணம் விளங்கிற்று. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கி, பிற இந்திய மொழிகளின் வரிசையை ஒட்டி எழுத்துகளை வைத்தனர். அதில் ர-வுக்குப் பின் ற, ல-வுக்குப் பின் ள, ழ, அதன்பின் வ என்று அமைந்துவிட்டது. எண் வரிசைப்படியே அடுக்கும் கணினி இப்படித்தான் அடுக்கும். தமிழ் மரபுப்படி அடுக்குக என்று ஒரு வரி சேர்த்ததும் யாவும் ஒழுங்காயின. அந்த ஒரு வரியைச் சேர்த்த மாலையில் நாம் அடைந்த மகிழ்ச்சி, ஆய்வேட்டை முடித்த நாளின் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

பணி நிறைவுற்றது. தளத்தின் முகப்பில் நன்னியைப் பற்றிய சிறு அறிமுகத்தை மகள் எழுதினாள். அதன் இறுதி வாக்கியம், “இந்நூல்களுள் பதினொன்று நீங்கலாக மற்றவை 2011 தானே புயலில் அழிந்தன” என்பது. “சரிதானே அத்தா?” என்று கேட்டாள். நாம் தலையசைத்தோம்.

ஊர் திரும்பும் வண்டியில் அவ்வாக்கியம் உடன் வந்தது. வீட்டுக்குள் சொன்ன பொய் வீட்டோடு மறையும் என்றிருந்தோம். அது இப்போது உலகின் எம்மூலையில் இருப்பவரும் படிக்கும்படி ஏறிவிட்டது. அதுவும் அன்னையாரின் பெயரின் கீழே. மூன்று வாரம் இரவு உறக்கம் கெட்டது. இங்கிலாந்துப் பாதிரியார் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றுள் முதலாவது, குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமானவனாக இருத்தல் வேண்டும் என்பது. அன்னையாரின் கதையில் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்த சிறுவனே முதலில் அறிமுகமானவன். எடைக்குப் போட்டவனும் அவனே.

நான்காம் ஞாயிறு மகளிடம் யாவற்றையும் கூறினோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கணினியைத் திறந்து, “புயலுக்குப் பின் 2012 ஜனவரியில் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போடப்பட்டன” என்று மாற்றினாள். நம்மைக் காக்க எண்ணிய அன்பு அதில் இருந்தது. ஆயின் முப்பதாண்டுக்கு மேல் இலக்கணம் கற்பித்த கண்ணுக்கு, அந்தச் செயப்பாட்டு வினையில் செய்தவன் ஒளிந்துகொண்டிருப்பது தெரிந்தது. “செய்வினையில் எழுது அம்மா” என்றோம். “மகன் எடைக்குப் போட்டார்” என்று எழுதினாள். “போட்டான் என்று எழுது. நன்னி அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்” என்றோம். அவள் கண்கலங்கியபடி மாற்றினாள்.

அப்போது அடுக்களை வாயிலில் நின்றிருந்த நம் துணைவியார், “மாமி அன்றைக்கே என்னிடம் சொன்னார்கள்” என்றார். நாம் திகைத்தோம். “காகிதத்தின் தேதியைப் பார்த்தேன். இவன்தான் போட்டிருக்கிறான். நீ கேட்காதே. அவனே சொல்லட்டும் என்றார்கள்” என்று கூறிவிட்டு உள்ளே சென்றார். நாற்பதாண்டுக் காலம் பெயரை எழுதிச் சரி, தப்பு என்று குறித்தவர்கள், இம்முறை பெயரை எழுதாமல் கடைசிப் பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். அப்பக்கம் அவர்கள் வாழ்நாளில் வரவில்லை. வரவிடாமல் செய்தது நாமே. இதற்குமேல் இதனை அழகுபடுத்திக் கூற நமக்கு உரிமையில்லை.

இணையதளத்தில் எழுதியதை எப்போதும் திருத்தலாம். நேற்றைய வாக்கியம் இருந்த சுவடும் படிப்பவர்க்குத் தெரியாது. அச்சேறும் மலர் அப்படிப்பட்டதன்று. ஆகவேதான் இதனை இங்கும் எழுதலானோம். கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதுவது நம் தலைமுறையின் வழக்கு. பலரோடு சேர்ந்து மறைந்துகொள்ளவும் அச்சொல் இடம் தரும். ஆனால் பெட்டியைத் திறந்த கைகள் வேறெவருடையனவும் அல்ல.

நாம் எடைக்குப் போட்டவற்றை மதித்துச் சேர்த்தவர்களும் இந்நாட்டில் இருந்தனர். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் துண்டு வெளியீடுகளையும் மலிவு விலைக் கதைகளையும் பாடுபட்டுத் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. 2008-இல் நம் மாத நாவல் ஆசிரியர் பலரின் கதைகள் ப்ரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொகுதியாக வெளிவந்தன. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டபோது உ. வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். ஏடு தேடித் தமிழ் காத்த அப்பெருமகனார் ஓர் இளம்பெண்ணின் புதினத்தைத் தாழ்வாகக் கருதவில்லை. முதுகலைப் பட்டம் பெற்ற நாம், நம் அன்னையாரின் படிப்பைத் தாழ்வாகக் கருதினோம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைப் படித்தார்கள் என்று இவ்விடுமுறையில் கேட்டறியுங்கள். பரணில் பழைய மாத நாவல்கள் இருந்தால், தராசைக் கூப்பிடுமுன் உள்ளட்டையைத் திறந்து பாருங்கள். பென்சில் எழுத்து ஏதேனும் இருக்கக் கூடும். எழுதியவர் உயிரோடிருப்பின் அதன் பொருளை அவரிடமே கேளுங்கள். மறைத்த செய்தி ஏதேனும் உள்ளத்தில் இருப்பின், அதனையும் அவர் இருக்கும்போதே கூறிவிடுங்கள்.

நம் மகளிடமுள்ள பதினொரு நாவல்களுள் ஒன்றில் அன்னையார் பெயரெழுதியிருக்கிறார்கள்; ஆனால் பக்கத்தில் ‘சரி’, ‘தப்பு’ எதுவுமில்லை. நூலின் இறுதித் தாள்கள் கிழிந்துள்ளன. அந்நூலின் முழுப் படியைத் தேடிவருகிறோம். கிடைத்ததும் அன்னையாரின் ஐயம் சரியா என்று பார்த்து, நோட்டிலும் தளத்திலும் குறித்துவைக்க எண்ணம். எல்லாம் வல்ல இறைவன் அவ்வாய்ப்பை நல்குவானாக!